பொது டிரைவில் இருந்த முகம்

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு விண்டோஸ், 98உம் 2000உம். ஸ்கேனர் என்ற சனியன் 98இல் மட்டும்தான் வேலை செய்யும். படம் திருத்தும் மென்பொருளோ 98இல் உறைந்துபோய் நிற்கும். 2000இல்தான் ஒழுங்காக ஓடும். அங்கே ஸ்கேன் செய்ததை இங்கே எடுத்துத் திருத்த, இரண்டும் வாசிக்கக்கூடிய ஒரு பொது டிரைவ் வேண்டும். அதை எந்த முறையில் பிரிப்பது என்று, வட்டக்கச்சியில் படம் திருத்திக் கொடுக்கும் எங்கள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு நானும் நண்பனும் நாள்கணக்காகச் சண்டை பிடித்தோம்.

நான் என்.ரி.எஃப்.எஸ். என்றேன். கரண்ட் திடீரென்று நின்றாலும் அது பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். பழைய ஃபற் முறையில் அப்படியில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே குழம்பிவிடலாம். எங்களுக்குக் கரண்ட் என்றாலே மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனரேற்றர்தான். யூ.பி.எஸ். வைக்கலாமே என்பீர்கள். பொருளாதாரத் தடைக்குள் டோர்ச் பற்றரிக்கே வழியில்லை, ஐயா!

"உன்ர என்.ரி.எஃப்.எஸ்ஸை 98 திரும்பியும் பாக்காது. பிறகென்ன மண்ணாங்கட்டிப் பொது டிரைவ்?" என்றான் நண்பன்.

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இரண்டும் வாசிக்கும் ஃபற் முறையிலேயே பிரித்தோம்.

அடுத்த கிழமை ஓர் அம்மா மகனின் படத்தைக் கொண்டுவந்தார். இடப்பெயர்வில் பெட்டியோடு நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. மகன் உயிரோடு இல்லை. வேறு படமும் இல்லை. திவசத்துக்குப் பெரிதாக்கி மாலை போட வேண்டுமாம். எப்படிச் செத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. போர் நடந்த அந்த நாளில் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.

ஸ்கேன் நன்றாக வந்தது. ஆனால் படத்தை எடுக்கப்போனால், ஈரத்தில் ஊறியிருந்த முகம் ஸ்கேனரின் கண்ணாடியோடு ஒட்டி உரிந்து சிதைந்துவிட்டது. இனி அந்தப் பையனின் முகம் பொது டிரைவில் மட்டும்தான். பிளாப்பியில் போடலாம் என்றால் அதற்குள் அடங்காது.

அம்மா வெளியே படலையடியில் நிழலில் இருந்தார். நண்பன் 2000க்குப் போய், கன்னத்தில் இருந்த பூஞ்சணத்தைப் பொறுமையாக அழித்தான்.

"இதைச் சேமிச்ச உடன மற்ற டிரைவிலயும் ஒரு பிரதி போட்டு வைப்பம்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

திரை கறுத்தது. ஜெனரேற்றரின் சத்தம் அடங்கியபிறகுதான் மேலே கிபிர் குண்டுவீச்சு விமானம் இரைவது எங்களுக்குக் கேட்டது. பங்கர் குழிக்குள் பாய்ந்தோம். குண்டுகள் எங்கோ தள்ளி விழுந்தன.

திரும்பி வந்து ஜெனரேற்றரையும் கம்ப்யூட்டரையும் போட்டோம். கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. முதல் ஸ்கேனையும் காணவில்லை. டிரைவைச் சோதித்தபோது பெயரில்லாத துண்டுகள் சில கிடைத்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒன்றில் மட்டும் தலைமயிரும் நெற்றியும் தெரிந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நண்பன் தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டான்.

அம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் அவசரமாகத் திரையை அணைத்தேன்.

"பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லைத்தானே? முன்வீட்டுச் சனம் ஓடுறதைக் கண்டன். உங்களுக்கு உள்ளுக்குக் கேக்காதெண்டு நான்தான் ஓடிப்போய்க் கரண்ட் மிசினை நிப்பாட்டினனான்" என்றார்.

நண்பன் எழும்பி அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டான்.

"என்ர பிள்ளை வாட்டர் பம்பைப் போட்டிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டவன். அந்தச் சத்தத்தில அவனுக்குக் கிபிர் வந்தது கேக்கேல்லை. நிப்பாட்டிவிட ஒருத்தரும் பக்கத்தில இல்லை, ராசா."

"கம்ப்யூட்டர் பழுதாப்போச்சம்மா. படமும் போயிட்டுது" என்றேன். அது எப்போது போனது என்று நான் சொல்லவில்லை.

அவர் சத்தம் போட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் ரெண்டுபேரும் இருக்கிறியள். அது போதும்" என்றார்.