அந்தத் தெலுங்குப் பொண்ணு

ஆந்திர எல்லையில் எங்கள் பக்கத்தில் தாசில்தார் இருக்கும் எம்.ஆர்.ஓ. ஆபீஸ், பேங்கு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் தமிழை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. நகரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்வரை தமிழ், கவர்ன்மெண்ட் கேட்டுக்குள் கால் வைத்ததும் தெலுங்கு. எனக்குக் குரல்கூட மாறிவிடும். என் தெலுங்குக் குரல் மெலிசு, மரியாதை ஜாஸ்தி. அந்தக் குரலைக் காலேஜில் கேட்டவர்கள் உண்டு. வீட்டில் யாரும் கேட்டதில்லை, அங்கே அதற்கு வேலையில்லை.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கும் அந்தக் குரலோடுதான் போனேன்.

நைனாவை, என் அப்பாவை, கட்டுவிரியன் கடித்திருந்தது. மோட்டார் கொட்டகையில் தரையில் படுத்திருந்தவருக்குக் கடித்ததே தெரியவில்லை. விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இமை தொங்க, வரப்பில் தள்ளாடி வந்தவரைப் பார்த்து பக்கத்து நிலத்துக்காரர், "இன்னா மாமா, காலங்காத்தாலேயேவா?" என்று கேட்டாராம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷர். மறுத்துச் சொல்ல நாக்கு திரும்பவில்லை. புத்தூர் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டதாம், அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சித்தூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் வந்ததும் பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஐ.சி.யூ.வில் இருந்தார். வாயில் குழாய். அவருக்காக மிஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டூட்டி டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். விஷமுறிவு மருந்து போட்டாச்சா, எப்போது இறங்கும், மூச்சு தானாக வருமா என்று நான் தெலுங்கில் அடுக்கிக்கொண்டே போனேன். "நீங்க என்ன படிக்கிறீங்க?" என்றார். பி.எட். என்றேன். "அதான் எனக்குப் பரீட்சை வைக்கிறீங்க" என்று சிரித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். விஷம் தசைகளைக் கட்டிப்போட்டிருக்கிறது. மூளை முழித்துக்கொண்டுதான் இருக்கிறது. காது கேட்கும், கண்ணைத் திறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது. அவராக மூச்சு இழுக்க ஆரம்பித்தால் குழாயை எடுத்துவிடலாம். ரொம்ப இழுத்துக்கொண்டு போனால் கழுத்தில் துளை போட வேண்டிவரும். "தினமும் வந்து பேசுங்க. அவருக்குக் கேக்கும்."

பேசுவதற்கு நான் ஒருத்திதான். அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன, கூடப் பிறந்தவர்கள் இல்லை. முதல் நாள் ஜீப்பில் வந்த சொந்தக்காரர்கள் கடலைக்காய் பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறது என்று சாயந்திரமே கிளம்பிவிட்டார்கள். காத்திருக்கும் ஹாலில் ராமகுப்பத்துப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கும் ஒரு அக்கா எனக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்தார். அவர் வீட்டுக்காரரும் உள்ளேதான் இருந்தார்.

"ஒண்டியாவா கீறே?" என்றார்.

"ஆமாக்கா."

"ஊர்ல ஜனமே இல்லியா?"

"கடலக்கா புடுங்குறாங்கக்கா."

"நல்ல ஊருடி உங்க ஊரு. கடலக்கா ஓடிப்பூடுமா?" என்று சொல்லித் தன் இட்லியில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

அவர் வீட்டுக்காரருக்குத் தேவலை என்று மேல்மாடி வார்டுக்கு மாற்றியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். சந்தோஷமான விஷயம்தான். ஆனாலும் அந்த இடத்தில் வேறு ஒரு குடும்பம், மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த கையோடு யாரையோ சேர்த்தவர்கள், வந்து உட்கார்ந்ததும் எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருந்தது. போகவும் முடியாது, எந்த நேரமும் கூப்பிடுவார்கள். சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். ஃபோனில் கட்டுவிரியனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தீர்த்தேன். அதைச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பார்க்க விடும் நேரம் வந்தால் பச்சை கவுன், தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். நர்ஸ் நைனாவின் காதருகே குனிந்து, "நான்னா, கள்ளு தெருவு" என்பார். அப்பா, கண்ணைத் திற. அங்கே எல்லா வயசாளிகளும் அவருக்கு நான்னாதான். பிறகு என்னைப் பார்ப்பார். நானும் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் எதிரில் வேறெப்படிப் பேசுவது, "நான்னா, நேனு வச்சானு. தைரியங்கா உண்டு" என்பேன். நான் வந்திருக்கேன், தைரியமாக இரு. கை கனமாக, சும்மா கிடக்கும். மிஷின் மூச்சு விடும். நேரமாச்சு என்பார்கள், வந்துவிடுவேன். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் டாக்டர் கழுத்துத் துளை பற்றி இன்னொரு தடவை சொன்னார்.

அன்றைக்கு நர்ஸ் கொஞ்சம் சத்தமாகவே, "நான்னா! கள்ளு தெருவு!" என்றார். எனக்கு நகரியில் நடந்த கண் பரிசோதனை முகாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அங்கேயும் டாக்டரம்மா இதையேதான் சொன்னார். நைனா வெளியே வந்ததும், "இன்னாடி இது, கள்ளுத் தெருவு எந்தப் பக்கம்னு எங்கிட்ட போயி கேக்குறாங்க? என்னப் பாத்தா குடிக்கிறவனாட்டமா கீது?" என்றார். அதற்கப்புறம் வீட்டில் யாரை எழுப்புவதானாலும் "கள்ளுத் தெருவு, கள்ளுத் தெருவு" என்றுதான் எழுப்புவோம்.

மாஸ்க்குக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வாய்க்குத் தெலுங்கு வரவில்லை. "நைனா, இவங்களுக்குக் கள்ளுத் தெருவுக்குப் போவணுமாம். வழி தெரிஞ்சா சொல்லு" என்றேன்.

மிஷின் கத்த ஆரம்பித்தது.

நான் கையை உதறிப் பின்னால் நகர்ந்தேன். ஏதோ செய்துவிட்டேன் என்று பயம். நர்ஸ் ஓடிவந்து ஸ்கிரீனைப் பார்த்தார், நைனாவின் வயிற்றைப் பார்த்தார். அது குலுங்கிக்கொண்டிருந்தது. மிஷின் கொடுக்காத மூச்சு. டாக்டர் வந்தார். "ஏம் செப்பாரு?" என்றார். என்ன சொன்னேன் என்று கேட்கிறார். தெலுங்கில் விளக்கினேன். தெலுங்கில் அது வெறும் கண்தான், சிரிக்க ஒன்றுமே இல்லை. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "சரி, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மறுபடி சொன்னேன். மறுபடி குலுங்கியது. இடது இமை நூலளவு பிரிந்தது.

விஷம் ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருக்கும், எப்படியும் வந்திருக்கும் மூச்சுதான் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். கழுத்தில் கத்தி வைக்காமலே குழாயை எடுத்தார்கள்.

எடுத்த மறுநாள் தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். குரல் கரகரத்தது. "துன்னியா?" என்றார். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இத்தினி நாளு இன்னாத்துக்கு வரலே?" என்று கேட்டார்.

"தெனமும் வந்தேன் நைனா."

"போடி. எனக்குக் காது கேட்டுக்கினுதான் இருந்திச்சு. ஒரே இருட்டு. இந்த மிஷினு சத்தம். பேசறதெல்லாம் தெலுங்கு. நம்ம ஊட்டுக் குரலு ஒண்ணுகூட இல்லே. இவ்ளோதான், உட்டுட்டுப் பூட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். அப்பறம் அன்னிக்கித்தான் நீ வந்து கள்ளுத் தெருவு கேட்டே."

மாஸ்க் முகத்தில்தான் இருந்தது.

"ஒரு தெலுங்குப் பொண்ணுதான் தெனம் வந்து கையப் புடிச்சிக்கினு நிக்கும். டாக்டரோ நர்சோ, தெர்ல. மெலிசுக் குரலு. தைரியங்கா உண்டுன்னு சொல்லும். அது எப்ப வரும்னு பாத்துக்கினே கெடப்பேன். உன்னாட்டம் இல்லே, மரியாதி தெரிஞ்ச பொண்ணு. அதைப் பாத்தா ஒரு வார்த்த சொல்லு, நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்னு."

"சொல்றேன் நைனா."

"இப்பவே போயி சொல்லு. டூட்டி மாறிடப் போவுது."

எழுந்து வெளியே வந்தேன். ஹாலில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலே நைனா" என்றேன். "கேட்டுக்கிச்சு."