முள் ஏறாத தொட்டி

இம்மானுவேலுக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிக் கொடுத்தது ஒரு முள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியைச் சோடா போட்டு அவிக்கிற பட்டறையில் தீ போடுகிறவர் அவர். தலை நரைக்கும்வரை அதே அடுப்பு, அதே புகை. தன் அப்பா இறந்தபின் முதலாளியான நவநீதகிருஷ்ணன், தொட்டியில் சூடு காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டினான். அன்றைக்குப் பிடித்தது சனி.

முள் விறுவிறுவென்று ஏறும். நூறை ஒட்டி வந்ததும் நட்டுவைத்த மாதிரி நின்றுவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், முள் மட்டும் அசையாது.

"முள்ளு ஏறலையே, இன்னும் போடுங்க" என்பான் முதலாளி. இம்மானுவேல் முகம் வெந்துபோகிற அளவுக்குப் போடுவார். விறகுக் கட்டைதான் குறைந்தது. கடைசியில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டான்.

"தீ போட்டா சூடு ஏறணும்ல? ஏறலைன்னா வெறகு எங்க போகுது? வெளிய விக்கிறீகளோ?"

போட்ட தீ எங்கே போனதென்று இம்மானுவேலுக்கும் தெரியாதே. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி அழுதார். கல்லூரியில் பிசிக்ஸ் படிக்கிற மகள் யுவராணிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அப்பாவோடு பஸ் ஏறிப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"கொதி வந்த பொறவு எம்புட்டுத் தீ போட்டாலும் சூடு ஏறாது சார். தண்ணியோட துகளெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கும். அந்தப் பிடியை அறுத்து ஆவியாக்கத்தான் தீ அம்புட்டும் போகுது. எங்கப்பா திருடலை."

நவநீதகிருஷ்ணன் போனைத் தட்டிப் பார்த்தான். தலையாட்டினான். இம்மானுவேலுக்குப் போன உயிர் வந்தது.

"அப்ப கொதி வந்த பொறவு சின்னத் தீயே போதும், இல்லையாம்மா?"

"போதும் சார். அதே சூடு நிக்கும்."

"அப்ப எங்கப்பா காலத்துல இருந்து வெறகை ஆவியா விட்டது யாரு?"

யுவராணி திகைத்துப்போனாள். "நீங்கதானே சார் இன்னும் போடச் சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. அடுப்பே கதின்னு கெடந்தவருக்குத் தெரிய வேண்டாமா? நாளையில இருந்து வர வேண்டாம்ணே. கேஸ் பர்னர் வச்சுக்கிடுதேன்."

சொன்னவன் தப்பிக்க, செய்தவன் மாட்டினான்.

திரும்பும் பஸ்ஸில் யுவராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் வந்திருக்கக் கூடாதுப்பா."

"நீ சொன்னது சரிதாம்மா" என்றார்.

திருடன் என்றபோது, இல்லை என்று நெஞ்சுக்குள்ளாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. விறகை வீணாக்கினாய் என்றதற்கு அதுவும் முடியவில்லை.