இரண்டாவது கோட்டையின் வாசலில்

மழை நின்ற பிறகு பழைய கல்லிலிருந்து ஒரு வாடை வரும். பாசியும் குளிரும் கலந்த வாடை. ஸ்காட்லாந்தில் அன்று முழுக்க அதுதான்... காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் கம்பளிச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எட்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று.

இங்கே சிங்கப்பூரில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு டிவியில் கோட்டைகளைப் பற்றி எது வந்தாலும் விடமாட்டார். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பூன் லே வீட்டில் தனியாகத்தான் இருந்தார். "ஒரு தடவை நேர்ல பாக்கணும் மாலா" என்றார்.

டூர் பஸ் கூட்டத்தோடு ஓட அவருடைய முட்டி ஒத்துழைக்காது. அதனால் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு காரும் கைடும் ஏற்பாடு செய்தேன். ஒரே நாளில் மூன்று கோட்டைகள்.

கைடு ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். முதல் கோட்டையில் எந்த ராஜா எந்த ராஜாவை முற்றுகையிட்டார் என்று அரை மணி நேரம் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடிபட்டவர்களை எங்கே படுக்க வைத்தார்கள், அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மனிதர் விழித்தார். இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை என்று சிரித்தார்.

காரில் அம்மா என் காதோரம், "பாவம்லா, ராஜா பேரெல்லாம் மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காரு" என்றார்.

அந்த அம்மா... அன்று காலை பதினோரு மணி வரைக்கும் இருந்தார்.

இரண்டாவது கோட்டைக்குப் பெரிய கல் வாசல். நானும் கைடும் உள்ளே நுழைந்து நான்கு அடி நடந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அம்மா வாசல் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு சாக்ஸ். இரண்டையும் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, அந்த ஈரக் கல்லில் வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க? இது கோயில் இல்ல, கோட்டை. ஷூ போடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"தெரியும், தெரியும்" என்றார். பிறகு எனக்குப் பின்னால் தேடுவதுபோல் பார்த்துக்கொண்டே, "அப்பா எங்க? கால் கழுவப் போனாரா?"

நான் சுவரோரம் போய் ஷூவையும் சாக்ஸையும் எடுத்து வந்தேன். குனிந்து சாக்ஸை மாட்டிவிட்டேன். கைடு கண்ணியமாக வேறு பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது கோட்டையில் அம்மா பழையபடி ஆகிவிட்டார். மாடிப்படி ஏன் இவ்வளவு குறுகல் என்று கேட்டார். டீயோடு வந்த ஸ்கோன் ரொட்டி நன்றாக இல்லை என்றார்.

அன்று மாலை ஓட்டலிலிருந்து குடும்ப குரூப்பில் எழுதினேன்: "அம்மா ஸ்காட்லாந்து கோட்டையையும் கோயில் ஆக்கிட்டாங்க. வாசல்லயே ஷூவக் கழட்டியாச்சு." தம்பி சிரிப்புப் படங்களாக அனுப்பினான். சித்தி, "நம்ம அக்கா எங்க போனாலும் நம்ம அக்காதான்" என்று எழுதினார்.

நம்மவர்களுக்குப் பழைய கல் வாசலைக் கண்டால் குனிந்து காலணியைக் கழற்றத்தான் தோன்றும். வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போகிறவர் வேறு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்று ஆதாரம் என் முன்னால் நின்று பேசியது. அப்பாவைத் தேடியதை நான் குரூப்பில் எழுதவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகும் சொல்லவில்லை.

அந்த ஜோக் வருடக்கணக்கில் ஓடியது. லிட்டில் இந்தியாவில் எல்லாரும் சாப்பிடக் கூடினால் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள், "பெரியம்மா, ஸ்காட்லாந்துல தேங்காய் உடைச்சீங்களா?" அம்மாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்... எதற்குச் சிரிக்கிறோம் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பவர்போல. அதையும் நான் பார்த்தேன்.

ஸ்காட்லாந்துக்குப் பிறகு மூன்று வருடம் அவரைத் தனியாக விட்டு வைத்தோம். தனியாக அடுப்பு, தனியாக ரோடு, தனியாக எம்ஆர்டி ரயில்.

ஒருநாள் டோபி காட் ஸ்டேஷனிலிருந்து எனக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் கிளம்பியவர், மத்தியானம் மூன்று மணி வரைக்கும் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். என்னையும் கேட்டார்.

"சிஸ்டர், எனக்கு எந்த வார்டு போட்டிருக்காங்க? டியூட்டிக்கு நேரமாச்சு."

பிறகுதான் டாக்டர், பரிசோதனை எல்லாம். முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. அம்மாவோடு அதிகம் இருந்தவள் நான்தான்.

"போன வருஷம்" என்றேன்.

முன்னாடியே தெரிந்திருந்தாலும் நோய் நின்றிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. இருக்கலாம். ஆனால் அந்த மூன்று வருடமும் தனக்கு என்னவோ ஆகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்குமே... நோயாளிகளைப் பார்த்தே வாழ்ந்தவர் அவர். யாரிடமும் சொல்ல முடியாமல், எங்கள் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டு, அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து பயந்திருப்பார். அதை நினைத்தால் எனக்கு எந்தச் சமாதானமும் நிற்பதில்லை.

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறார். என் பெயர் அவருக்குத் தெரியாது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது என்னைத் திட்டு. முன்பெல்லாம் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே, "அங்க என்ன சத்தம்?" என்று அடுப்படியிலிருந்து அதட்டல் வரும். இப்போது அம்மா முன்னாலேயே நீ கத்தலாம்.

யாரும் தடுக்க மாட்டார்கள்.