நவரத்தினம் அண்ணை கூட்டிய மணல்

நவரத்தினம் அண்ணை காலமான செய்தி எங்கள் பிக்னிக் குழுவின் வாட்ஸ்அப்பில், மசாலா பூசிய கோழிப் படமொன்றுக்கும் "ஐஸ் பெட்டி ஆர் கொண்டு வாறது?" என்ற கேள்விக்கும் நடுவில் வந்து விழுந்தது. செய்திக்குக் கீழே சிலர் பெருவிரலை உயர்த்தியிருந்தார்கள். கோழிக்குப் போட்டது தவறிப்போய் இங்கே விழுந்திருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அண்ணை உயிரோடு இருந்தால் ஒரே சொல்தான் சொல்லியிருப்பார்: "சீ."

அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அந்தச் சொல்லும் தெரியும். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்று, புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் நிறைந்த டோர்செட் பார்க் பகுதி அடுக்குமாடியில் மனைவி லீலா அக்காவோடு வாழ்ந்தவர். பீச் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் ஏரிக்கரையை அவர் அடியோடு வெறுத்தார். ஆனாலும் கோடைகால ஞாயிறுகளில் விட்பி நகரப் பக்கத்துக் கரைக்கு எங்களுக்கு முன்பே போய்விடுவார். அக்காவுக்கு நாற்காலி ஆகாது. வெறும் மணலில் காலை நீட்டி இருந்து தண்ணீரைப் பார்க்கவேண்டும்.

அதற்காக அண்ணை கார் டிக்கியிலிருந்து ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து, ஓர் அறையளவு மணலைக் கூட்டுவார். பின்பக்கமாக நடந்து கூட்டுவதால் அவருடைய காலடிகூட அதில் இராது. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் இது என்ன தியானம் என்று பணிவாக விசாரித்தார். நான் முந்திக்கொண்டு, எங்கள் சமயத்தில் இது மிக உயர்ந்த நிலை என்றேன். மனிதர் கைகூப்பிவிட்டார். அண்ணை வாத்து எச்சமொன்றைத் தட்டி ஒதுக்கியபடி, "தியானம் உதுதான்" என்றார்.

இந்தப் பிக்னிக்குகளை நடத்தும் எங்கள் கழகத்துப் பெரியவர் ஒருவர் கோழி ஊறவைத்த வாளியை ஏரியில் அலசியதையும் அவரோடுதான் பார்த்தேன். மஞ்சள் நுரை மெல்ல மிதந்துபோய், குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணின் கழுத்தைச் சுற்றியது. அந்தப் பக்கம் சீட்டாட்டம். இந்தப் பக்கம் ஒருவர் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "வீட்டிலை செய்ய வெக்கப்படுறதையெல்லாம் வெளியிலை வந்து செய்யிறதுதான் எங்கடை ஆக்களுக்கு ஓய்வு" என்றார் அண்ணை.

நானும் சுத்தக்காரன் அல்ல. ஆட்டெலும்பை மணலுக்குள் செருகும்போது அண்ணையிடம் பிடிபட்டேன். அது மக்கிப்போகும் என்று சமாளித்தேன்.

"நீரும்தான் மக்கிப்போவீர். அதுக்காக உம்மை இதிலை புதைக்கேலுமே?"

அவர் போன பிறகு கழகம் அதே கரையில் அஞ்சலிப் பிக்னிக் வைத்தது. அண்ணையின் படம் போட்ட பெரிய பதாகை, ஒரு நிமிட மௌனம், பிறகு சாப்பாடு. மௌனத்தின்போது எல்லோருடைய கண்ணும் அடுப்பில் இருந்ததை, ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தபடியால் நான் கண்டேன்.

மறுநாள் காலை லீலா அக்கா அழைத்தார். அண்ணை கூட்டுகிற இடத்தில் ஒருக்கால் இருந்துவிட்டு வரவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அண்ணையின் விளக்குமாற்றோடு அக்காவை அழைத்துப் போனேன்.

அந்த இடத்தில் பதாகை விரித்தபடி கிடந்தது. யாரோ அதைப் பாயாக்கி இருந்து தின்றிருக்கிறார்கள். அண்ணையின் நெற்றியில் குழம்பு. வாயருகே சப்பிய கோழிக்கால். பக்கத்தில் பிள்ளைக்குக் கட்டிக் கழற்றி, சுருட்டி எறிந்த பம்பர்ஸ். அக்கா காண்பதற்குள் மடித்துவிட ஓடினேன். அவர் கண்டுவிட்டார். குனிந்து, சேலைத் தலைப்பால் படத்தின் முகத்தைத் துடைத்தார். முதல்நாள் நானும் அந்தக் கரையில் இரண்டு தரம் வாங்கித் தின்றவன்.

பதாகையை அக்காவிடம் கொடுத்து, மற்றதையெல்லாம் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து கூட்டினேன். அக்கா நின்றே பார்த்தார்.

"தம்பி, உம்மடை காலடி கிடக்கு. பின்னுக்கு நடந்து கூட்டும்."

திரும்பவும் கூட்டினேன். பிறகுதான் மணலில் இருந்தார். காலை நீட்டி, பதாகையை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை தண்ணீரைப் பார்த்தார்.

அக்கா விளக்குமாற்றை என்னிடமே விட்டுவிட்டார். அண்ணை விட்டுப்போனது அது மட்டுமல்ல. முன்பெல்லாம் எந்தக் கரையிலும் எதன்மேலும் இருந்து எதையும் தின்னக்கூடியவன் நான். போன ஞாயிறு பக்கத்தில் ஒருவர் கால்நகம் வெட்டத் தொடங்கினார். "சீ" என்று பலமாகக் கேட்டது. அண்ணைதான் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.