சாம்பிள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

என் ஆன்லைன் கடைக்கு முதல் விமர்சனம் வந்துவிட்டது. ஒரு நட்சத்திரம்.

‘கால் கிலோ ஏலக்காய் ஆர்டர் செய்தேன். ஒரு கைப்பிடி வந்திருக்கிறது. அதுவும் குழந்தையின் கைப்பிடி. யாரும் ஏமாற வேண்டாம்.’ கூடவே ஒரு படம். எவர்சில்வர் தட்டின் நடுவில் கொஞ்சம் ஏலக்காய். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி.

நல்ல படம். என் கடையில் நான் போட்டிருப்பவற்றைவிடத் தெளிவாக இருந்தது.

கடை ஆரம்பித்த கதையைச் சொல்லாமல் இதைச் சொன்னால் புரியாது. எங்கள் வீடு கேரளத்து மலையில், குமுளிக்குப் பக்கம் சக்குபள்ளத்தில். கொஞ்சம் ஏலத்தோட்டம். அண்ணன் ஜீப் ஓட்டுகிறான். கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு வரும் பெண்களைக் காலையில் மலையேற்றி, சாயங்காலம் இறக்கிவிடுவான். எங்கள் தோட்டத்துக் காயை உலர்த்தி, வீடு தேடி வரும் வியாபாரிக்கு மூட்டையோடு கொடுத்துவிடுவது வழக்கம்.

இந்தமுறை நான் குறுக்கே விழுந்தேன். மூட்டையைக் கொடுக்காதே, நேராக வாடிக்கையாளருக்கு விற்கலாம் என்றேன். கட்டப்பனையில் பார்த்துக்கொண்டிருந்த அலுவலக வேலையையும் விட்டேன். படித்தவள் சொல்கிறாளே என்று அண்ணன் தலையாட்டினான். பாவம்.

ஆன்லைன் கடை தொடங்க முதலில் என்ன வேண்டும்? சரக்கு என்று நினைப்பீர்கள். இல்லை... லோகோ. எந்தப் பச்சையில் லோகோ என்று முடிவெடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஏலக்காய்ப் பச்சைதான் இருக்கிறதே என்று அண்ணன் கேட்டான். அவனுக்கு பிராண்டிங் தெரியாது.

ஆனால் ஒன்று தெரியும். பச்சை காத்திருக்காது. மூட்டையில் கிடக்கக் கிடக்கக் காய் வெளுக்கும். வெளுத்த காயை வியாபாரி தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். ஆகவே மாதக் கடைசி வரை எனக்கு அவகாசம். அதற்குள் ஓடவில்லை என்றால் மூட்டை வியாபாரிக்கு, நான் மறுபடி கட்டப்பனைக்கு.

அப்படி இருக்கையில்தான் அந்த முதல் ஆர்டர் வந்தது. அம்பத்தூரில் ஒரு அம்மா, கால் கிலோ. நான் அட்டைப்பெட்டி வாங்க குமுளிக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு போன் போட்டு, “ஆர்டர் வந்துருச்சு மதினி, அனுப்பிருங்க” என்றேன். பேக்கிங் பிரிவு முழுவதும் மதினிதான். அண்ணன் மனைவி, பெயர் ஸ்டெல்லா. கல்யாணத்துக்கு முன்பு காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவள். அன்றே கொரியரில் சேர்த்துவிட்டாள். நான் குமுளியில் எனக்கு நானே ஒரு டீ வாங்கிக்கொடுத்தேன்.

விமர்சனத்தைப் படித்ததும் போனை அவளிடம் நீட்டினேன்.

“ஆமா, நாந்தான் அனுப்புனேன். சாம்பிளு.”

“கால் கிலோ எங்க மதினி?”

“கட்டி வச்சிருக்கேன் புள்ள. அவுக பாத்துட்டுப் பதில் சொல்லட்டும்னு இருக்கேன்.”

“அவங்கதான் காசு கட்டிட்டாங்களே.”

மதினி கொஞ்சம் யோசித்தாள். “பாக்காமயா கட்டுனாக? ஏமாளியா இருப்பாக போல.”

இதில் அவளைக் குறை சொல்ல முடியுமா? ஏலம் விடுவதை மலையாளத்தோடு சேர்ந்து நாங்களும் லேலம் என்போம். லேலத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் முதலில் சாம்பிள்தான் சுற்றிவரும். வாங்குபவர் உருட்டுவார், உடைப்பார், கடிப்பார், பிறகுதான் விலை. வீட்டுக்கு வரும் வியாபாரிகூட மூட்டைக்குள் கையை விடாமல் வாயைத் திறக்கமாட்டார். எங்கள் ஊரில் ‘காய் வேணும்’ என்று ஒருவர் சொன்னால், ‘காட்டு’ என்று அர்த்தம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியும். நான் சொன்னது ‘அனுப்பிருங்க’. எதை என்று சொல்லவில்லை. லோகோவில் இருந்த கவனம் அங்கே இல்லை.

ஒரே விமர்சனம், அதுவும் ஒற்றை நட்சத்திரம். சராசரி போட்டுப் பாருங்கள், அதேதான் வரும். அதன்பிறகு ஆர்டர் ஒன்றுகூட இல்லை. மாதக் கடைசியும் வந்தது. அண்ணன் சனிக்கிழமை வரச் சொல்லி வியாபாரிக்கு, என் காதில் விழும்படி போன் செய்தான்.

வெள்ளிக்கிழமை அம்பத்தூர் அம்மாவைக் கூப்பிட்டேன். மன்னிப்புக்கு நான் தயாரித்திருந்த முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் மூன்று வாக்கியம் பேசிவிட்டார். காசைத் திருப்பித் தருகிறோம் என்றேன். ‘எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க’ என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மதினி போனை வாங்கிக்கொண்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“அம்மா, அதுல ஒண்ண ஒடச்சுப் பாத்தீகளா?”

“எதுக்கும்மா? போட்டோ எடுத்து டப்பால போட்டு வச்சிருக்கேன். கம்ப்ளைன்ட் குடுக்கணும்னு.”

“குடுங்க. அதுக்கு முன்ன ஒண்ண ஒடச்சு வாயில போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

மறுமுனையில் டப்பா திறக்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான அமைதியை நான் கேட்டதில்லை. கட்டப்பனை அலுவலகத்தில் என் பழைய நாற்காலி காலியாக இருக்குமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

“...மீதிய எப்ப அனுப்புவீங்க?” என்றார் அந்த அம்மா.

“பிடிச்சிருக்கா, இல்ல வேற குவியல்ல அனுப்பட்டுமா?”

“இதையே அனுப்பும்மா.”

சனிக்கிழமை வியாபாரி வந்தார். மூட்டைக்குள் கையை விட்டார், கடித்தார், துப்பினார், விலை சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மதினியைப் பார்த்தேன். “பாதிதான் இருக்கு அண்ணாச்சி” என்றாள் மதினி, முழு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. மீதிப் பாதியோடு எனக்கு இன்னொரு மாதம் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஆன்லைன் கடை என்பது என்ன? மூக்கையும் பல்லையும் கழற்றி வைத்துவிட்டு வாங்குங்கள் என்று ஒரு மனிதரைக் கேட்பதுதானே? அதற்கு ஈடாக நாம் கொடுப்பது ஒரு படம். படம் மணக்காது. லோகோவும் மணக்காது. சோதித்துவிட்டேன்.

அந்த அம்மா விமர்சனத்தைத் திருத்திவிட்டார். ‘கால் கிலோவும் வந்துவிட்டது. சமையலறை முழுக்க மணக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் சொல்லியிருக்கிறேன்.’ நட்சத்திரம் மட்டும் அதே ஒன்று. அதை எங்கே அமுக்குவது என்று தெரியவில்லையாம். பெங்களூரிலிருந்து மகன் வந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆர்டர் வந்துவிட்டது. மகன் இன்னும் வரவில்லை.

இப்போது கடைப் பக்கத்தில் ‘முதலில் சாம்பிள்’ என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். அதை அமுக்குகிறவர்கள்தான் அதிகம். அதில் சிலர் திரும்பி வருகிறார்கள், கால் கிலோவுக்கு. பாக்கெட்டுகளை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி மதினிக்கு விரல் சுட்டதுதான் மிச்சம். நேற்று சீல் வைக்கிற மெஷின் ஒன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். காசும் கட்டிவிட்டேன் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

“சாம்பிள் வந்துச்சா?” என்றாள்.