நனையக் கூடாத பட்டை

கறுப்பு ரப்பர் பட்டை. அதன் உள்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு நாடியைத் தேடி விடாமல் மினுக்கும். அன்று காலை அது மேஸ்திரியின் மணிக்கட்டில் இல்லை. அவர் வீட்டு டிவியின் பக்கத்தில், மடித்த கைக்குட்டையின் மேல், வெறும் காற்றில் நாடி பார்த்துக்கொண்டிருந்தது.

துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது என் வேலை. மேஸ்திரி பதினாறு ஆட்களை வைத்து இறக்குவார். இருபத்திரண்டு வருடம் அவர் இறக்கினார், நான் எண்ணினேன். ஓய்வுக்குப் பிறகும் திருவொற்றியூரில் ஒரே தெரு. என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு இருநூற்றுப் பதினான்கு காலடி. மணலி ஆலைகளின் புகை எங்கள் மூச்சையும் மனதையும் என்ன செய்கிறது என்று ஆராய வந்த மருத்துவக் குழு, தெருவில் முப்பத்தொரு பேர் கையில் அந்தப் பட்டையைக் கட்டியது. தூக்கமும் நாடியும் அதன் வழியாகவே அந்தக் குழுவின் டாக்டரம்மாவுடைய கணினிக்குப் போய்விடும். கூடவே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். மேஸ்திரிக்கு எழுதத் தெரியாது. அவருக்காக நான் எழுதினேன்.

"கடந்த பதினான்கு நாட்களில் மனச்சோர்வு எத்தனை நாள்?" என்று வாசித்தேன்.

"சோர்வுலாம் இல்ல டாலி சார். பேஜாரா கீது, அவ்ளோதான்."

"எத்தினி நாளு மேஸ்திரி?"

"அத்த யாரு எண்ணிக்கினு கீறா? ஒனக்குதான் வேற வேல இல்ல."

தண்ணீர் லாரி வராவிட்டாலும் எங்கள் தெருவில் பேஜாருதான். மனைவி இறந்து போன எட்டு மாதத் துக்கத்துக்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எண்ணாத சரக்கைத் தாளில் ஏற்றக் கூடாது என்பது என் பழக்கம். பூஜ்யம் போட்டேன். ஒன்பது கேள்விகளுக்கும் பூஜ்யம்.

பட்டை கட்டிய பதினோராம் நாள் காலை ஆறு ஐம்பதுக்கு டாக்டரம்மா அழைத்தார். "ஐயா, படிவத்துல எல்லாம் பூஜ்யமா இருக்கு. பட்டையைப் பார்த்தா மனுஷன் ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம்கூடத் தூங்கல. அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க." சொன்னேன். "பேஜாருன்னா?" என்றார். "தண்ணி லாரி வரலேன்னா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் குரல் மாறியது: "நாற்பது நிமிஷமா நாடியே பதிவாகல. உடனே போய்ப் பாருங்க. நானும் கிளம்புறேன்."

இருநூற்றுப் பதினான்கு காலடியையும் அன்று எண்ணவில்லை. வீடு திறந்து கிடந்தது. பட்டையை எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் கை காட்டிய கடற்கரைக்கு ஓடினேன். கடலுக்குள் நீளும் கற்குவியலின் கடைசிக் கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பு வரை அலை அடித்தது.

"இன்னா டாலி சார், அலைய எண்ண வந்தியா?"

"இத்த ஏன் கழட்டுன?"

"நனஞ்சா கெட்டுப்பூடும். பாவம், டாக்டரம்மா நம்பிக் குட்த்துக்கீது."

மழை பிடித்தால் தன் சட்டையைக் கழற்றி மூட்டை மேல் போர்த்துகிறவர் அவர். பட்டை நனையக் கூடாது என்று யோசித்திருக்கிறார். தன்னைப் பற்றி அப்படி யோசிக்கவில்லை. பாசிக் கல்லில் தவழ்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பேஜாருன்னா இன்னா மேஸ்திரி? சொல்லு, நான் எங்கியும் போவல" என்றேன். அவர் பேசத் தொடங்கினார். டாக்டரம்மா வந்து சேரும்வரை நான் கையை விடவில்லை.

மருத்துவம் நடந்தது. ஏழு மாதத்தில் அவருக்குத் தூக்கம் திரும்பியது. இப்போது ஆய்வின் இரண்டாம் சுற்று. படிவத்தில் பத்தாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: "பேஜாரா இருந்தது எத்தனை நாள்?" இந்தமுறை என் மணிக்கட்டிலும் பச்சை விளக்கு மினுக்குகிறது. எதிரே உட்கார்ந்து மேஸ்திரி என் பேனாவையே பார்க்கிறார். என் படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினேன்.

"கரீட்டா எண்ணுனியா சார்?"

அதை அடித்துவிட்டு, ஒன்பது என்று எழுதினேன்.