கேட்பதற்கு முன்பே வந்த பதில்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கதை கட்டிப் பெயர் வாங்கும் நிலையில் நான் இல்லை. இதில் எனக்கு மிஞ்சியது அவமானம்தான்.

அகராதி போடும் பதிப்பகத்தில் எனக்குக் கணினி வேலை. எதிர் மேசையில் பிழை திருத்தியவர் என் அக்கா வீட்டுக்காரர், மாமா. நாங்கள் வேலை செய்யும் எடிட்டர் மென்பொருளில் ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல், எழுத ஒரு மொழி உண்டு. கோப்புகளைப் பட்டியல் போட்டு அழிக்க அதில் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தேன். முதலில் 'பட்டியலைக் காட்டவா?' என்று கேட்கும். பிறகு 'இதையெல்லாம் அழிக்கவா?' என்று கேட்கும். ஆம் என்றால் y, இல்லை என்றால் n, ஒரே ஓர் எழுத்து. எண்டர்கூடத் தட்ட வேண்டாம்.

அவசரத்தில் கூடுதலாகத் தட்டிய எழுத்து எங்கும் போகாது. வரிசையில் காத்திருந்து அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கேட்பதற்கு முன் வரிசையைக் காலி செய்ய ஒரு வரி எழுத வேண்டும். நான் சோம்பேறி. எழுதவில்லை.

மெஷின் தூங்கி வழிந்த ஒரு நாள், பட்டியலை மட்டும் பார்க்க நினைத்த மாமா y-ஐ இரண்டு தரம் தட்டிவிட்டார். பதினோரு மாத உழைப்பு போயிற்று. அழிக்கவா என்று மெஷின் தன்னைக் கேட்கவே இல்லை என்று எல்லோரிடமும் மன்றாடினார். யாரும் நம்பவில்லை. காரணம் எனக்கு அன்று மாலையே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

வேலை போனது அவருக்கு. நாலு மாதத்தில் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

புது மேனேஜர் திங்கட்கிழமை எல்லா ஸ்கிரிப்ட்டையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறு மதியம் தனியாக ஆபீஸ் போனேன், அந்தப் பழைய ஸ்கிரிப்ட்டை ஒழித்துக்கட்ட. விடுபட்ட வரியைச் சேர்த்துப் புதிதாக ஒன்று எழுதினேன். அதை வைத்தே பழையதை அழிக்கலாம் என்று ஓட்டினேன்.

மணி 3.12.

'அழிக்கவா?'

என் விரல் இறங்குவதற்குள் பதில் விழுந்துவிட்டது. n.

கை பட்டிருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். n. மறுபடி. n.

வரிசையில்தான் எதுவும் இல்லையே... காலி செய்துவிட்டுத்தானே கேட்கிறது...

3.20. கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன். மவுஸால் ஓட்டினேன்.

'டக்.'

n.

சத்தம் என் கீபோர்டிலிருந்து வரவில்லை. எதிர் மேசையிலிருந்து வந்தது. அங்கே கணினியே கிடையாது. மாமா போனதிலிருந்து வெறும் பலகை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

3.34. ஒயரை மாட்டினேன். கேள்வியை மாற்றி எழுதினேன்.

'மாமா, என்னை மன்னிப்பீங்களா?'

ஓட்டினேன். கீபோர்டைத் தொடவில்லை.

ஒரு நிமிடம்... இரண்டு... ஐந்து...

3.40.

'டக்.'

n.

உடனே போன் அடித்தது. அக்கா.

"மாமா போயிட்டாருடா. மூணு அஞ்சுக்கு."

மூன்று ஐந்து. முதல் n வந்தது 3.12-க்கு.

அக்கா அழுதுகொண்டே சொன்னாள். காலையில் அவருக்கு நல்ல நினைவு இருந்ததாம். குழறிக் குழறி என்னைப் பற்றித்தான் பேசினாராம்.

"எல்லாம் அவருக்கு அப்பவே தெரியுமாம்டா. உன்மேல கோவமே இல்லன்னாரு. 'தம்பி நல்லவன், ஆபீஸ்ல அவனே உண்மையைச் சொல்லிடுவான் பாரு'ன்னாரு."

நான் கேட்பதற்கு முன்பே மன்னித்திருந்தவர், அந்த ஸ்கிரிப்ட்டை நான் அழிக்கப் பார்த்த பிறகுதான் n தட்டியிருக்கிறார்.

திங்கட்கிழமை மேனேஜர் அந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.